கடுகு விழுந்த தோசையும் கேம் பெட்டியின் விலையும்

கோலா தெர்லாவில் மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் வெளியே ஓடி விளையாட முடியாது. அப்படி ஒரு மாலையில்தான் என் அண்ணன் மகன் மைலோ டின்னைத் தூக்கிவந்து என் முன்னால் கவிழ்த்தான். சில்லறைக் காசும் கசங்கிய நோட்டுமாகத் தரையில் கொட்டியது. பிளேஸ்டேஷன் 5 வாங்குவதற்காக இரண்டு வருடமாகச் சேர்க்கிறான். அவன் போட்டிருந்த கணக்கு இது: பொருள் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும், டின்னில் காசு ஏறும், என்றைக்காவது ஒரு நாள் இரண்டும் சந்திக்கும்.

“சித்தப்பா, அது வெளியாகி அஞ்சு வருசமாச்சு. அமெரிக்காவுல வெலய ஏத்திட்டாங்களாம். பழசு எப்படி சித்தப்பா வெல ஏறும்?”

அவன் கணக்கில் தப்பே இல்லை. நாற்பது வருடமாகக் கேம் பெட்டிகளின் விலை அவன் சொன்னபடிதான் இறங்கி வந்தது. அது ஏன் இறங்கியது என்று தெரிந்தால், இப்போது ஏன் ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்கு நாம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் முதலில் நம் கேமரன் மலையிலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

நம் மலையில் பூ வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உறுப்பினர்கள் எல்லாரும் பூவின் விலையை 10 விழுக்காடு ஏற்றப்போகிறோம் என்று அந்தச் சங்கம் அறிவித்தது. மலேசியாவின் போட்டிச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. மலேசியப் போட்டி ஆணையம் விசாரணையில் இறங்கியது. இப்படிக் கூடிப் பேசி விலை வைப்பது சட்டத்துக்குப் புறம்பு என்று அந்த ஆண்டு டிசம்பரில் முடிவு சொன்னது. நாடு முழுவதற்குமான ஒரு புதிய சட்டத்தின்கீழ் ஆணையம் சொன்ன முதல் முடிவே நம் மலையின் பூக்களைப் பற்றியதுதான்.

ஒரு பூத்தோட்டக்காரர் தன் செலவைப் பார்த்துத் தானாக விலையை ஏற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. போட்டி போடவேண்டிய எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே நேரத்தில் ஏற்றுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. அப்படிப் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும்? இதைச் சொல்லிக் காட்டுவதைவிடக் கணக்குப் போட்டுக் காட்டுவது நல்லது.

சாலையோரத்தில் இரண்டு ஸ்ட்ராபெரிக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிப் பழத்துக்குக் கடைக்காரருக்கு ஆகும் செலவு 6 வெள்ளி. இரண்டு கடையிலும் விலை 10 வெள்ளி. ஒரு நாளைக்கு 20 பேர் வருகிறார்கள், ஆளுக்குப் பாதியாக 10 பேர் வாங்குகிறார்கள். பெட்டிக்கு 4 வெள்ளி லாபம் என்றால் ஒவ்வொரு கடைக்கும் 40 வெள்ளி.

ஒரு நாள் முதல் கடை அக்கா விலையை 9 வெள்ளி ஆக்குகிறார். 16 பேர் அவரிடம் போய்விடுகிறார்கள். பெட்டிக்கு 3 வெள்ளிதான் லாபம், ஆனாலும் 48 வெள்ளி கிடைக்கிறது. இரண்டாவது கடையில் 4 பேர்தான் வாங்கினார்கள், லாபம் 16 வெள்ளி. மறுநாள் அந்தக் கடை அண்ணனும் 9 வெள்ளி என்று அட்டையில் எழுதி வைக்கிறார். பழையபடி ஆளுக்கு 10 பேர். ஆனால் இப்போது லாபம் 30 வெள்ளி.

இருவருமே 10 வெள்ளியில் நின்றிருந்தால் ஆளுக்கு 40 கிடைத்திருக்கும். அப்படியிருந்தும் நிற்க முடியவில்லை. அடுத்த கடை 10-இல் நின்றால் எனக்கு 9 வைப்பது லாபம். அடுத்த கடை 9 வைத்துவிட்டால், நான் 10-இல் நிற்பதைவிட 9 வைப்பதே லாபம். எப்படிப் பார்த்தாலும் கை விலையைக் குறைக்கவே போகிறது. ‘மற்றவர் இருக்கும் இடத்தில் இருக்கும்போது, நான் மட்டும் மாறினால் எனக்கு நட்டம்’ என்று இருவரும் நின்றுவிடும் அந்த இடத்துக்கு நாஷ் சமநிலை என்று பெயர். ஜான் நாஷ் என்ற கணித அறிஞர் இதை 1950-இல் எழுதினார், 1994-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இப்படிப்பட்ட போட்டிகளை ஆராய, விளையாட்டுக் கோட்பாடு என்று கணிதத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. பெயரைப் பார்த்து எளிதாக நினைத்துவிடாதீர்கள். நாடுகள் ஒன்றோடொன்று மோதுவதையும் அந்தக் கணிதத்தை வைத்துத்தான் ஆராய்கிறார்கள்.

இதை நீங்கள் வகுப்பில் விளையாடிப் பார்க்கலாம். இரண்டு பேர், பத்துச் சுற்று. ஒருவருக்கொருவர் காட்டாமல் துண்டுத்தாளில் 10 அல்லது 9 என்று எழுதி ஒரே நேரத்தில் திருப்புங்கள். மேலே சொன்ன லாபத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது, ஆறாவது சுற்றில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பிப்பீர்கள். ‘நீ குறைக்காவிட்டால் நானும் குறைக்கமாட்டேன்’ என்று கண்ணாலேயே பேசத் தொடங்குவீர்கள். அந்தப் பார்வையை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது ஜப்பானுக்குப் போகலாம். 1983ஆம் ஆண்டு ஜூலை 15. அந்த ஒரே நாளில் இரண்டு நிறுவனங்கள் தங்கள் கேம் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தன. நிண்டெண்டோவின் பேமிகாம் 14,800 யென். சேகாவின் எஸ்.ஜி.-1000 15,000 யென். நடுவில் வெறும் 200 யென்!

பேமிகாமை அவ்வளவு மலிவாகச் செய்தது சின்ன வேலையில்லை. அதை வடிவமைத்தவர் மசாயுகி உவேமுரா. பெட்டிக்குள் இருக்கும் ‘சிப்’ என்னும் சில்லுகளுக்கு நிண்டெண்டோ கொடுக்க நினைத்த விலை மிகவும் குறைவு. செய்து தரவேண்டிய ரிக்கோ நிறுவனத்திடம், 30 லட்சம் சில்லுகளை வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்து அந்த விலைக்குச் சம்மதிக்க வைத்தார்கள். நூறு பேருக்குச் சமைக்கும்போது ஆளுக்கு ஆகும் செலவு குறைகிறதல்லவா, அதே கணக்குத்தான். பெட்டியின் இரண்டு கன்ட்ரோலர்களின் கம்பியையும் கழற்ற முடியாதபடி பெட்டியோடு சேர்த்தே வைத்துவிட்டார்கள்.

உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ ‘மைக்ரோ ஜீனியஸ்’ தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். மலேசியப் பிள்ளைகள் பலருக்கு முதல் கேம் பெட்டி அதுதான். தைவானிலிருந்து வந்த அந்தப் பெட்டி, பேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். லயத்து வீடொன்றில் ஒரு பெட்டி இருந்தால் போதும், வரிசையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் இருப்பார்கள். கேசட்டைச் செருகுவதற்கு முன் அதன் வாயில் ‘ஃபூ’ என்று ஊதுவோம். ஊதினால்தான் ஓடும் என்று அவ்வளவு நம்பிக்கை. உண்மையில் கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியதால்தான் தகடுகள் சரியாகத் தொட்டுக்கொண்டன. எச்சில் ஈரம் பட்டால் தகடு கெட்டுத்தான் போகும்.

நம் ஸ்ட்ராபெரிக் கடைக் கணக்கை அச்சு அசலாகப் பார்க்கவேண்டும் என்றால் 2002ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் போகவேண்டும். அப்போது அமெரிக்காவில் மூன்று பெட்டிகள் மோதிக்கொண்டிருந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 2, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 299 டாலர். நிண்டெண்டோவின் கேம்கியூப் 199 டாலர். மே 14 அன்று சோனி 199-க்கு இறங்கியது. மறுநாளே எக்ஸ்பாக்ஸும் 199. அதற்கடுத்த சில நாளில் கேம்கியூப் 149. கண்ணாடி டம்ளர்களை அடுக்கிவைத்து ஒன்றைத் தட்டியது போல மூன்றும் ஒரு வாரத்துக்குள் சரிந்தன. இதில் யாருக்கு லாபம்? காசு சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான்.

அதற்கு ஏழு வருடம் முன்பு நடந்ததையும் சொல்லவேண்டும். 1995 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஈ3 என்ற கேம் கண்காட்சி முதன்முதலாக நடந்தது. சேகா தன் புதிய சாட்டர்ன் பெட்டியை 399 டாலருக்கு அறிவித்தது. பிறகு சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்பவர் மேடை ஏறி ‘299’ என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அரங்கம் அதிர்ந்தது. சில மாதங்களில் சாட்டர்னும் 299-க்கு இறங்கியது. ஆனால் சேகாவால் அந்தச் சண்டையைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சாட்டர்னுக்குள் இரண்டு முதன்மைச் செயலிகள், அவற்றுக்குத் துணையாக இன்னும் பல சில்லுகள். உள்ளே பொருள் கூடக்கூட விலையைக் குறைக்க இடம் இருக்காது. சேகா அடுத்துக் கொண்டுவந்த டிரீம்காஸ்ட்டும் நிலைக்கவில்லை. 2001 ஜனவரியில், இனிப் பெட்டி செய்யப்போவதில்லை என்று சேகா அறிவித்துவிட்டது. பேமிகாம் வந்த அதே நாளில் தொடங்கிய பயணம், பதினெட்டு வருடத்தில் முடிந்துபோனது. எனக்கு இன்றும் அந்த முடிவில் வருத்தம் உண்டு. டிரீம்காஸ்ட் நல்ல பெட்டி.

சரி, விலையை எவ்வளவு தூரம் குறைக்கலாம்? ஸ்ட்ராபெரிக் கடையில் 6 வெள்ளிக்குக் கீழே இறங்க முடியாது. கேம் பெட்டிக்காரர்கள் அதற்கும் கீழே போகிறார்கள்! 2006-இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதன் விலை 499 டாலர், 599 டாலர் என்று இரண்டு வகை. ஓர் ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை போட்டுப் பார்த்தது. இரண்டு வகையிலும் செய்யும் செலவே 800 டாலரைத் தாண்டியது. விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் இருநூறு டாலருக்கு மேல் நட்டம்.

நட்டத்துக்கு விற்க யாருக்காவது ஆசையா? நம் மலையில் சில ஸ்ட்ராபெரித் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகக் காசு கேட்கமாட்டார்கள். பறித்த பழத்தை நிறுத்துத்தான் காசு. கேம் பெட்டி அந்தத் தோட்டத்தின் வாசல், பழங்கள்தான் கேம்கள். ஒரு கேம் விற்கும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு பெட்டி செய்த நிறுவனத்துக்குப் போகிறது. இணையக் கடையில் அந்தப் பங்கு பொதுவாக 30 விழுக்காடு. ஒரு கணக்குக்காக, பெட்டிக்கு 300 வெள்ளி நட்டம் என்றும் ஒரு கேம் 200 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கேமில் கிடைக்கும் பங்கு 60 வெள்ளி. ஐந்து கேம் வாங்கினால் 300 வெள்ளி திரும்பிவிட்டது. ஆறாவது கேமிலிருந்து லாபம்தான். ஆகவே பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை முழு விலை இல்லை. மீதியை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்.

ஆனால் ஒரு நிறுவனம் காலம் முழுக்க நட்டத்திலேயே ஓட முடியாது. பெட்டி செய்யும் செலவு உண்மையாகவே குறையவேண்டும். இங்கேதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. அதற்கு ஒரு தோசை வேண்டும்.

சில்லுகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை. பளபளவென்று கண்ணாடி போலிருக்கும் சிலிக்கன் வட்டு ஒன்றின் மேல் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒன்றாக வரைந்து, பிறகு சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கிறார்கள். இன்றைய வட்டின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். அம்மா ஊற்றும் பெரிய தோசை அளவு. அந்த வட்டு நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் அதைச் செய்யும் செலவு ஒன்றுதான். எனவே ஒரு வட்டில் எத்தனை நல்ல சில்லு தேறுகிறது என்பதே கேள்வி.

பெரிய தாளில் 30 செ.மீ. குறுக்களவில் ஒரு வட்டம் வரையுங்கள். அதன் மையம் கோடுகள் வெட்டும் இடத்தில் வருமாறு 2 செ.மீ. சதுரங்களாகக் கட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் முழுசாக அடங்கும் சதுரங்களை எண்ணினால் 148 வரும். இன்னொரு தாளில் அதே வட்டம், 1 செ.மீ. சதுரங்கள். இப்போது 648. சதுரத்தின் பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிறது. 148-ஐ நாலால் பெருக்கினால் 592தான், ஆனால் 648 கிடைத்திருக்கிறது. ஓரத்தில் வீணான இடத்திலும் குட்டிச் சதுரங்கள் புகுந்துகொண்டதால்தான் அது.

இனி 20 கடுகை எடுத்து இரண்டு தாளிலும் தூவுங்கள். கடுகுதான் தூசி. தூசி விழுந்த சில்லு வேலை செய்யாது, தூக்கிப் போடவேண்டியதுதான். இருபதும் இருபது வெவ்வேறு சதுரத்தில் விழுந்தால் பெரிய கட்டத்தில் மிஞ்சுவது 128, சின்னக் கட்டத்தில் மிஞ்சுவது 628. அதே தோசை, அதே கடுகு, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நல்ல சில்லு! வட்டின் செலவு மாறாமல் இருந்தால் ஒரு சில்லின் செலவு ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

சில்லின் உறுப்புகளை வருடத்துக்கு வருடம் பொடியாக வரையக் கற்றுக்கொண்டதால்தான் கேம் பெட்டிகள் மலிந்தன. பிளேஸ்டேஷன் 2-இல் முதலில் கணக்குப் போட ஒரு பெரிய சில்லு, படம் வரைய இன்னொரு பெரிய சில்லு. பிறகு இரண்டையும் சுருக்கி ஒரே சில்லில் அடைத்துவிட்டார்கள். சில்லு சுருங்கினால் மின்சாரம் குறைவு, சூடு குறைவு, காற்றாடி சின்னது, பெட்டியும் சின்னது. 2000-இல் 299 டாலருக்கு வந்த அந்தப் பெட்டி, 2004-இல் 149, 2009-இல் 99 டாலர். உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றது.

வெட்டிய சில்லுகளை உறைக்குள் பொதிந்து, கம்பி இணைத்து, சோதித்து அனுப்பும் வேலையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் 1972-இல் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கி அங்கே வேலைக்குப் போன அக்காமார்கள் உங்கள் உறவிலும் இருக்கலாம். இருந்தால் அடுத்த தீபாவளிக்கு வரும்போது கேளுங்கள், தூசி படாமலிருக்கத் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டுக்கொண்ட கதையைச் சொல்வார்கள்.

இப்போது என் அண்ணன் மகனின் கேள்விக்கு வந்துவிட்டோம். பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020 நவம்பரில் வந்தபோது டிஸ்க் போடும் வகை 499 டாலர். 2025 ஆகஸ்ட் 21 அன்று அது 549 ஆனது. இதே வயதில் பிளேஸ்டேஷன் 2 பாதி விலைக்கு வந்துவிட்டிருந்தது.

முதல் காரணம், தோசையில் வரையும் சில்லுகள் முன்போல் சுருங்கவில்லை. சில்லின் கோடுகள் இப்போதே நம்ப முடியாத அளவுக்குப் பொடியாகிவிட்டன. இன்னும் பொடியாக வரையச் சாதாரண ஒளி போதாது, தடித்த பென்சிலால் மெல்லிய கோலம் போடுவது போல ஆகிவிடும். அதனால் 13.5 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒரு புற ஊதா ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். அதை உண்டாக்க, உருக்கிய வெள்ளீயத் துளிகளை விழவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடிக்கிறார்கள். ஒரு நொடிக்கு 50,000 துளி! நம் மலைக்குக் கீழே ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்கில் தாத்தா காலத்தில் தோண்டினார்களே, அதே வெள்ளீயம்தான். இந்த இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் ஒன்றுதான் செய்கிறது. விலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சில்லு சுருங்கினாலும் வட்டின் விலை ஏறிவிடுவதால், சுருங்கியதன் லாபம் கரைந்துபோகிறது.

இதோடு நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரிய கணினிக்கூடங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போகின்றன. அமெரிக்காவில் 2025-இல் இறக்குமதி வரியும் கூடியது.

போட்டியாளர் என்ன செய்தார்? எக்ஸ்பாக்ஸ் 2002-இல் போல மறுநாளே விலையைக் குறைக்கவில்லை. 2025-இல் அதுவும் அமெரிக்காவில் விலையை ஏற்றியது. இருவரும் பூச்சங்கத்தைப் போலக் கூடிப் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே செலவு இருவரையும் அழுத்தும்போது, ஒருவர் ஏற்றினால் மற்றவருக்குக் குறைக்கவேண்டிய அவசரமும் போய்விடுகிறது. ஆறாவது சுற்றில் உங்கள் நண்பரின் முகத்தைப் பார்த்தீர்களே, அது நினைவிருக்கட்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன் டின்னுக்குள் காசைத் திரும்பப் போடத் தொடங்கினான். டின்னின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘பி.எஸ். 5 - டிஸ்க் இல்லாதது’ என்று எழுதியிருந்தான். மலேசியாவில் 2020 டிசம்பரில் இந்தப் பெட்டி வந்தபோது டிஸ்க் போடும் வகை 2,299 ரிங்கிட், டிஸ்க் இல்லாதது 1,869 ரிங்கிட். 430 ரிங்கிட் மிச்சம் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும்.

“டிஸ்க் இல்லாத பெட்டிக்கு கேம் எங்க வாங்குவ?”

“ஆன்லைன் கடையில.”

“அந்தக் கடை யாரோடது?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அவங்களோடதுதான்.”

“திரிங்காப்பில் உன் கூட்டாளி முடிச்ச கேமை இரவல் வாங்க முடியுமா? யாராவது பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்குக் கொடுத்தா?”

பதில் வரவில்லை. பிளேஸ்டேஷன் 4-இன் டிஸ்க்குகள் பெரும்பாலும் எல்லாமே பிளேஸ்டேஷன் 5-இல் ஓடும். அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு பென்சிலை எடுத்து, பழைய பி.எஸ். 4 வைத்திருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணினான். கம்போங் ராஜாவில் இரண்டு, எங்கள் வரிசையில் ஒன்று, திரிங்காப்பில் ஒன்று, ரிங்லெட்டில் அத்தை வீடு. ஐந்து. தாளில் ‘இல்லாதது’ என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே ‘போடுறது’ என்று எழுதினான்.

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “அம்மா, கொஞ்சம் கடுகு வேணும்,” என்றான்.